பாதச்சூடு

அசையக் கூடாது என்று சொன்ன பிறகுதான் ஒரு மனிதனுக்கு உடம்பில் எத்தனை இடம் அரிக்கும் என்பது தெரிகிறது. முதலில் இடது தோள், அது அடங்கியதும் காதுக்குப் பின்னால், அப்புறம் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் எங்கே என்று தொட்டுக் காட்ட முடியாத ஓர் இடம். சென்னியப்பன் அரிப்பை அதன் போக்கில் விட்டுவிட்டார். சாய்வு நாற்காலியில் சட்டையில்லாமல் கிடந்த அவருடைய நரைத்த மார்பின் மேல் பேத்தியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்து நீளத் துணியால் கட்டிவிட்டுப் போயிருந்தாள் நர்ஸ் ஜெபக்கனி. குழந்தையின் கன்னம் அவர் நெஞ்செலும்பில் ஒட்டியிருந்தது. கைகால்கள் தவளைக்கு மடங்கியிருப்பதுபோல மடங்கி இரண்டு பக்கமும் பரந்திருந்தன. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வெளியே எடுத்த பிள்ளை. கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் காலமெல்லாம் கட்டுக்கட்டாகத் தூக்கி வைத்த கைக்கு எதை எடுத்தாலும் பனியன் கணக்கில்தான் எடை சொல்ல வரும். இது சின்னப் பிள்ளைகள் பனியன் ஒரு கட்டு. அதுவும் கோடைக்கான மெலிந்த துணி. அந்தக் கட்டுக்குள் ஏதோ ஒன்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது, குருவியைப் பிடித்தால் உள்ளங்கையில் படபடக்குமே, அப்படி. தாய்மார்களுக்கான வார்டு அது, பிள்ளையைக் கங்காருபோல நெஞ்சோடு கட்டிச் சூடு கொடுக்கிற இடம். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருத்தி, ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஒரு துளிப் பிள்ளை. இவர் ஒருவர்தான் ஆண் என்பதால் கடைசி நாற்காலிக்குப் பச்சைத் திரை போட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் சட்டைப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு, "வெக்கமா இருக்குதுங்கம்மா" என்று நின்றவரை ஜெபக்கனி ஏற இறங்கப் பார்த்தாள். "வெக்கப்பட்டா பிள்ளைக்குச் சூடு வருமா ஐயா? கழத்துங்க." அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அந்தப் பக்கத்துப் பேச்சில் அதட்டலும் அன்பும் ஒரே ஓசையில் வரும். வேறு யாரை உட்கார வைப்பது? பெற்றவள் சுகந்தி மேல்மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடக்கிறாள். மாப்பிள்ளை லோகநாதன் அந்தக் கதவை விட்டு நகர முடியாது. எந்த நேரமும் ரத்தம், மருந்து, கையெழுத்து என்று கூப்பிடுவார்கள். சம்பந்தியம்மாளுக்கு இருமல், வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இந்த நெஞ்சு ஒன்றுதான். மனைவி பொன்னாத்தாள் போன பிறகு இதன் மேல் யாரும் கை வைத்ததில்லை. பஸ்ஸில் இடித்தவர்கள், முடி வெட்டுகிறவன், அவ்வளவுதான். ஒரு மனிதனைத் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று இவர் யோசித்துப் பார்த்ததே இல்லை. இந்தப் பிள்ளை வந்து கன்னத்தை வைத்த அன்றைக்குத்தான் தோல் என்று ஒன்று தனக்கும் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு சந்தோஷமாக இல்லை. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அந்த மாதிரி இருந்தது.

"கங்காரு தாத்தா, என்ன?" ஜெபக்கனியின் குரல் மேசையிலிருந்து வந்தது. இது அவள் வழக்கம். எல்லா நாற்காலிக்கும் இப்படி ஒரு குரல் போகும். சென்னியப்பன் துணிக்குள் இரண்டு விரலை மெல்ல நுழைத்தார். வயிறு. அப்புறம் பாதம். பாதம் என்று பேர்தான். அவர் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. "வார்ம்" என்றார். "ரெண்டுமா?" "ரெண்டுமேங்கம்மா." முதல் நாளே பாடம் நடத்திவிட்டாள். "வயித்தைத் தொட்டுப் பாருங்க, பாதத்தைத் தொட்டுப் பாருங்க. ரெண்டும் வார்மா இருந்தா பிள்ளை சொகமா இருக்குன்னு அர்த்தம். வயிறு வார்ம், பாதம் ஜில்லுன்னா பிள்ளைக்குக் குளிருது, என்கிட்ட சொல்லணும், துணியை இன்னும் இறுக்கணும். ரெண்டுமே ஜில்லுன்னா சத்தம் போட்டுக் கூப்பிடணும். மருவாதையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது, என்னா?" இவர் அன்றைக்கு, "வெதுவெதுன்னு நல்லா இருக்குதுங்கம்மா" என்று பதில் சொன்னபோது, "அவ்வளவு நீளமா எழுத எனக்கு நேரமில்ல ஐயா, வார்ம்னு ஒரு வார்த்தையில முடிங்க" என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். அதை ஏன்தான் சொன்னாளோ. "இதுக ரொம்பச் சின்னதுக. சில நேரம் மூச்சு விட மறந்துரும். உங்க நெஞ்சு ஏறி எறங்குறதை வச்சுதான் அதுக்கு ஞாபகம் வரும். அதனால நீங்க ஒழுங்கா மூச்சு விடணும். இருமக் கூடாது, எழுந்திரிக்கக் கூடாது, எதையாவது நெனச்சு விம்மக் கூடாது." மூச்சு விட மறந்துவிடும். மூச்சு என்பது மறக்கக்கூடிய ஒன்று என்று இத்தனை வயசுக்கு இவருக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து தன் மூச்சும் தானாக நடக்கவில்லை. இழு, விடு, இழு, விடு என்று பக்கத்தில் நின்று ஓட்ட வேண்டியிருக்கிறது. கவனம் எங்காவது போனால் அது அங்கேயே நின்றுவிடும் போலிருந்தது. மேல்மாடியில் சுகந்திக்கு ஒரு மெஷின் அதைச் செய்கிறது. இழு, விடு. வேண்டாம், அங்கே போக வேண்டாம்.

வார்ம். அந்த வார்த்தை இவருக்குப் பழக்கம்தான். இங்கிலீஷில் இவருக்கு முதலில் அர்த்தம் தெரிந்த ஏழெட்டு வார்த்தைகளில் அது ஒன்று. எட்டாவதோடு படிப்பு நின்று கம்பெனிக்குப் போனபோது லேபிள் பிரிவில் போட்டார்கள். பனியனின் பக்கத் தையலுக்குள்ளிருந்து நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பட்டை. மெஷின் வாஷ் வார்ம், டு நாட் ப்ளீச். ஜெர்மனிக்குப் போகிற பனியனுக்கு ஒன்று, அமெரிக்காவுக்குப் போவதற்கு ஒன்று. மாறிப்போனால் மொத்தப் பெட்டியும் பிரிக்க வேண்டும். எழுத்தின் உருவத்தை வைத்துத்தான் பிரித்தார் முதலில். கல்யாணமாகிச் சுகந்தியும் பிறந்த பிறகு ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "வெதுவெதுன்னு தண்ணி வெச்சுத் தொவைக்கச் சொல்றான்டா" என்றார். அன்று வீட்டுக்குப் போனபோது பொன்னாத்தாள் கொல்லையில் சுகந்தியைக் குளிப்பாட்ட உட்கார்ந்திருந்தாள். "அந்த ஊர்ல பனியனையே வெந்நீல தொவைக்கறாங்களாமா பொன்னா." "அவிங்களுக்கென்ன, வெறகுக்கா அலையறாங்க? இங்க எம்பட புள்ளைக்கு வெந்நி வெக்க ஒரு மொளாறு இல்ல. அந்தப் பனியனா பொறந்திருக்கலாம் போங்க." சொல்லிக்கொண்டே முழங்கையை மடக்கி அண்டாவுக்குள் விட்டுப் பார்த்தாள். கையை விட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டார். "கை கண்டதையும் புடிச்சு மரத்துப் போனது, அதுக்கென்ன தெரியும்? முழங்கைதான் சரியாச் சொல்லும். நீங்களும் உட்டுப் பாருங்க." விட்டுப் பார்த்தார். சூடுமில்லை, குளிருமில்லை, தண்ணீர் என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை, ஆனால் கையை எடுக்க மனசு வரவில்லை. ஓ, இதுதானா அது என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்புறம் லேபிளில் அந்த நாலெழுத்தைப் பார்க்கும் போதெல்லாம் முழங்கையில் ஓர் ஈரம் வந்து போகும். ஆயிரம் தடவை வந்துபோனது. பிறகு வரவில்லை.

அந்த வார்த்தை அவரை விடவில்லை, வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஒரு தடவை வெளிநாட்டு வியாபாரி கம்பெனியைப் பார்க்க வந்தபோது வாசலில் துணி கட்டச் சொன்னார்கள். வார்ம் வெல்கம். ஏணியில் நின்று கட்டியவர் இவர்தான். வெதுவெதுப்பான வரவேற்பாம். பித்தளைத் தாம்பாளமும் சந்தனமுமாக எல்லோரும் வேர்த்து நிற்க, வந்தவர் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டே வந்தார்; ஏசி காரிலிருந்து இறங்கிய கை, மார்கழி மாசத்துப் பம்புசெட்டுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. அதே ஆள் அப்புறம் ஒரு சிவப்புத் துணியைத் திருப்பி அனுப்பினார், சிவப்பு போதாது, இன்னும் வார்மாக வேண்டும் என்று. டையிங் மாஸ்டர் சாயத் தொட்டியில் சூட்டை ஏற்றிவிட்டார். தொட்டியில் முக்கிய மொத்த ஈடும் கறுத்துப் போயிற்று. மேனேஜர் குதித்தார். "நெறத்துல சூடு கேக்கறான்யா, தண்ணியில இல்ல!" "நெறத்துல சூடுன்னா தொட்டுப் பாத்தாத் தெரியுமாங்க?" என்று மாஸ்டர் நிஜமாகவே கேட்டார். லேபிள் பிரிவு முழுக்க ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு சூடாம், நீலம் பக்கம் சாய்ந்தால் குளிராம். கறுத்த அந்த ஈடு எல்லாம் முற்றத்தில் குவிந்து கிடந்தது. நீலம் பக்கம் சாய்ந்த சிவப்பு. இந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் இருந்து இறக்கும்போது சுகந்திக்குக் கீழே கிடந்த துணியும் அப்படித்தான், நாக்கைக் கடித்து, வாயோரம் வழிந்து, தலைக்குக் கீழே இருந்த வெள்ளைத் துணியில் அந்தச் சிவப்பு. ரத்தம் என்றால் பிரகாசமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். "பிரஷர் ஏறி வலிப்பு வந்திருச்சு, உடனே பிள்ளையை எடுத்தாகணும், ரெண்டு உசுருக்கும் ஆபத்து" என்று யாரோ ஓடிக்கொண்டே சொன்னார்கள். இழு. விடு. இழு. குழந்தை நெஞ்சின் மேல் சிணுங்கியது. இவர் மூச்சை வேகமாக்கிவிட்டார் போலிருக்கிறது. மெதுவாக, மெதுவாக. ஒன்றுமில்லை சாமி. தாத்தா எங்கேயோ போயிட்டேன்.

"பெரியவரே, உங்க புள்ள அழுவுதா எங்க புள்ள அழுவுதா?" திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பக்கத்து நாற்காலிக்காரி. முகம் சரியாகப் பார்த்ததில்லை. கொலுசு போட்ட கால் மட்டும் திரைக்குக் கீழே தெரியும். "எங்க புள்ளதானுங்க. இப்ப அடங்கிருச்சு." "அடங்கட்டும், அடங்கட்டும். என் வீட்டுக்காரரை வந்து உக்காருங்கன்னா, நெஞ்சுல முடி இருக்கு, புள்ளைக்குக் கூசும்னு ஓடிட்டாரு. உங்களைக் காட்டித்தான் நாளைக்கு இழுத்துட்டு வரணும்." சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது. சிரித்தால் நெஞ்சு குலுங்கும். சிரிப்பும் அழுகையும் உடம்புக்குள் ஒரே வழியாகத்தான் வருகின்றன என்பது அசையாமல் உட்காருகிறவனுக்குத்தான் தெரியும்.

சுகந்தி சிரித்தால் வீடே தெரியும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் அங்கிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். இவருடைய கண்ணாடியை எங்காவது ஒளித்து வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி நின்றுகொள்வாள். இவர் தேட வேண்டும்; விலகிப் போனால் கோல்டு, நெருங்கினால் வார்ம், கை படப் போனால் ஹாட். "கோல்டு... கோல்டு... ஐஸுப்பா, ஐஸு... ம், வார்ம்... வார்மர்... வார்மர்... ஹாட்! ஹாட்!" மூன்று அடி வைப்பதற்குள் இவருக்குத் தெரிந்துவிடும், அரிசி டின்னுக்குப் பின்னால் என்று. ஆனாலும் அந்தப் பக்கம் ஓரடி வைத்துவிட்டு வேண்டுமென்றே திரும்பி வாசலுக்கு நடப்பார். "அய்யோ அப்பா, கோல்டு! தெரிஞ்சுட்டே தப்பாப் போறீங்க! ஏம்ப்பா தெரிஞ்சுட்டே தப்பாப் போறீங்க?" கட்டில் கிரீச்சிடக் குதிப்பாள். பொன்னாத்தாள் அடுப்படியிலிருந்து, "அவுருக்குக் கண்ணாடி வேண்டாம், நீ கத்தறதுதான் வேணும்" என்பாள். இப்போதும் அதுதான் நடக்கிறது. லேபிள், வெந்நீர் அண்டா, சிவப்புத் துணி என்று இவர் நடக்கிறார். ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் போனதும் மேல்மாடிப் படிக்கட்டில் கொண்டுபோய் விடுகிறது. முதல் படியில் காலை வைத்ததும் சுகந்தியின் குரல், ஏழு வயசுக் குரல், வார்ம் என்கிறது. இன்னொரு படி. வார்மர். இவர் திரும்பிவிடுகிறார். கோல்டு. தெரிஞ்சுட்டே தப்பாப் போறீங்க. ஆமாம் கண்ணு, தெரிந்துகொண்டேதான் போகிறேன். காலையில் லோகநாதன் வந்து திரைக்கு வெளியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனான். "மத்தியானம் பெரிய டாக்டர் வந்து பாத்துட்டு முடிவாச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க மாமா." "முடிவான்னா?" "தெரியலீங் மாமா. முடிவான்னுதான் சொன்னாங்க." அவன் சட்டைக் காலர் உள்பக்கமாக மடங்கியிருந்தது. சரி பண்ணிவிடலாம் என்று பார்த்தால் கைக்கு எட்டவில்லை, எழுந்திருக்கவும் முடியாது. மத்தியானம் என்பது எப்போது? இப்போதே மத்தியானம்தானே? திரையின் மேல் வெயில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

நேற்று இவரை மேல்மாடியில் சுகந்தியிடம் விட்டார்கள். குழந்தையைச் சூடு கொடுக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த நேரம். பச்சை அங்கி மாட்டிவிட்டு, தொடாதீர்கள் என்று சொல்லி, அப்புறம் அங்கே இருந்த சிஸ்டரே, "கொஞ்சம் தொட்டுக்கங்க" என்றார். முகத்தில் குழாய்கள், அந்த முகத்தில் சுகந்தியைக் கண்டுபிடிக்கத் தேட வேண்டியிருந்தது. நெற்றியில் பொட்டில்லாத இடம் மட்டும் அவளுடையது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவருடைய கை, தான் கற்றுக்கொண்டதைத் தானாகச் செய்தது. போர்வைக்கு மேலாக வயிற்றில் வைத்தார். சூடு. கால்மாட்டுக்குப் போய் உள்ளங்காலைத் தொட்டார். ஜில். இன்னொரு காலும் ஜில். ஏசி காற்று நேரே அங்கேதான் அடித்துக்கொண்டிருந்தது. வயிறு வார்ம், பாதம் ஜில்லென்றால் பிள்ளைக்குக் குளிருது. துணியை இறுக்க வேண்டும். "புள்ளைக்குக் குளிருதுங்கம்மா" என்றார். அந்த சிஸ்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது பெரியவரே" என்றார். தெரியாதாம். பாதம் சொல்கிறதே, பிறகென்ன? தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, இரண்டு பாதத்தையும் சேர்த்து நன்றாகச் சுற்றினார். பெரிய பிள்ளைக்குச் சின்னப் பிள்ளையின் கணக்குச் செல்லுமா என்று யோசிக்கவில்லை. பச்சைக் கரை போட்ட துண்டு, பவானியில் வாங்கினது, முனையில் மை பட்ட கறை இருக்கும். "இத எடுத்துராதீங்கம்மா. கும்புட்டுக் கேட்டுக்கறேன்." அந்த சிஸ்டர் துண்டின் முனையை உள்ளே செருகிவிட்டார். "இருக்கட்டும். இருக்கற வரைக்கும் எடுக்க மாட்டோம். எடுத்தா உங்ககிட்டதான் வந்து சேரும்." இருக்கிற வரைக்கும். துண்டு இருக்கிற வரைக்கும் என்றா? இரவெல்லாம் அந்த ஒரு வார்த்தை வரண்டாவில் இவரோடு படுத்துக் கிடந்தது. துண்டு இல்லாத தோள் என்னவோ போல இருந்தாலும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அது அங்கே இருக்கிறது. அது அங்கே இருக்கிற வரைக்கும் கால் குளிராது, கால் குளிராத வரைக்கும்...

நெஞ்சின் மேல் ஏதோ மாறியது. என்னவென்று முதலில் தெரியவில்லை. சத்தம் நின்றால்தான் சத்தம் இருந்தது தெரியுமே, அப்படி. ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன அசைவு இல்லை. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார். பிடித்ததுதான் தப்பு என்று உடனே உறைத்தது. இழுத்தார். நெஞ்சு ஏறியது, அதன் மேல் குழந்தையும் ஒரு பொருள்போல ஏறி, ஒரு பொருள்போல இறங்கியது. விரல் துணிக்குள் ஓடிப் பாதத்தைத் தேடி நகத்தால் சுண்டியது. ஒரு சுண்டு. ஒன்றுமில்லை. இன்னொரு சுண்டு. "அம்மா!" என்று கத்தினார், மரியாதையெல்லாம் பார்க்காமல். "சிஸ்டரம்மா!" கொலுசுக் கால் துள்ளியது. ஜெபக்கனி திரையைத் தள்ளிக்கொண்டு வருவதற்கும், பிள்ளை பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் போட்டு மூச்சை இழுப்பதற்கும் சரியாக இருந்தது. அவள் குனிந்து முகத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள். "மறந்துட்டா கழுத. நீங்க ஞாபகப்படுத்திட்டிய. அவ்வளவுதான், போயிட்டு வந்துட்டா." "நான்தானுங்கம்மா கொஞ்சம் கவனம் தப்பிட்டேன்." "உங்க மேல ஒண்ணுமில்ல ஐயா. ஆனா மூச்சு மட்டும் ஒரே சீரா இருக்கட்டும். நீங்க எங்க போனாலும் இவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போறிய, ஞாபகம் வச்சுக்கிடுங்க." போகும்போது குழந்தையின் குல்லாயைச் சரி செய்துவிட்டுப் போனாள். குல்லாய் யாரோ தானமாகக் கொடுத்தது, பனியன் துணிதான். ஓரத்தில் லேபிள் உறுத்திக்கொண்டிருந்ததை முதல் நாளே கத்தரிக்கோல் வாங்கி இவர்தான் தையல் பிரியாமல் வெட்டி எடுத்தார். காலமெல்லாம் வைத்துத் தைத்தது, வெட்டி எடுத்தது அது ஒன்றுதான்.

போயிட்டு வந்துட்டா. சிலர் போய்விட்டு வருகிறார்கள். பொன்னாத்தாள் வரவில்லை. ஒரு மாசியில் படுத்தாள், பங்குனி பிறக்குமுன் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை எலும்பு பொறுக்கப் போனார்கள். பால் ஊற்றினால் அணைந்துவிடும் என்றார் மயானத்தில் இருந்தவர். ஊற்றினார்கள், சொய்யென்று ஒரு சத்தம் வந்து, தீய்ந்த பால் வாசம். கையை விட்டு எடுக்கச் சொன்னார். சுடும் என்று பயந்துகொண்டே விட்டார் சென்னியப்பன். சுடவில்லை. சாம்பல் மாவுபோல இருந்தது. உள்ளே விரல் போகப் போக, சூடுமில்லாமல் குளிருமில்லாமல், கையை எடுக்க மனசு வராத அந்தப் பழைய இதம். இரவு கையைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அவள் உள்ளங்கை இருக்கும் அதே இதம். முழங்கையில் அந்த ஈரம் ஒரு தடவை வந்துபோனது. எடுங்க மச்சான், எடுங்க என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இவர் எடுக்கவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் இதற்குள் இருக்கிறாள் என்று தோன்றியது. இந்தச் சூடு ஆறும்வரை இருப்பாள், ஆறிய பிறகு சாம்பல்தான் இருக்கும். அப்போது சுகந்தி பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, போதும்ப்பா" என்று தோளைத் தொட்டாள். அந்தக் கையும் சூடாக இருந்தது. உள்ளே கிடந்தவளின் சூடும் தோளில் இருந்தவளின் சூடும் ஒன்றாக இருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னவென்று சொல்வது? லேபிளில் போட்டிருந்த வார்த்தைதான், இதற்கும் அதே வார்த்தைதான். வார்மர் என்றது சுகந்தியின் ஏழு வயசுக் குரல். ஆமாம், தெரிகிறது. இவர் படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். திரும்ப வேண்டும், எதையாவது நினைக்க வேண்டும். சிவப்பு, அண்டா, ஏணி. ஒன்றும் கைக்கு வரவில்லை.

வார்டுக் கதவு திறந்து மூடியது. செருப்புச் சத்தம். லோகநாதனுடையது அல்ல, அவன் செருப்பு தேய்த்து நடக்கும். இது வார்டில் கூட்டித் துடைக்கிற ஆயா துளசியம்மா. "எந்த நாக்காலி? கடேசியா?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே வந்து திரையை விலக்கினாள். கையில் ஒரு பாலிதீன் பை. "ஐயா, மேல ஐசியூல குடுத்தனுப்பினாங்க. உங்க துண்டாமே? நான் கீழ வர்றேன்னதும், அப்படியே இதையும் குடுத்துருங்கன்னாங்க." பையிலிருந்து எடுத்து நாற்காலிக் கையின் மேல் வைத்தாள். நன்றாக மடித்திருந்தார்கள். பச்சைக் கரை வெளியே தெரிய, கம்பெனியில் பெட்டிக்குள் வைக்க மடிப்பதுபோல, அவ்வளவு சரியாக. மைக்கறை மேலே இருந்தது. "நல்ல துண்டா இருக்குது, தொலைச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுக்கப் போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மேசையில் போன் அடித்தது. ஜெபக்கனி எடுத்தாள். "கங்காரு வார்டு." ஆமா என்றாள், சரி என்றாள். வைக்கும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்றான். முகத்தைச் சுவரில் வைத்து, கையால் தலையைக் கட்டிக்கொண்டு, காலர் இன்னும் மடங்கியபடி. உள்ளே வராமல் நின்றான். உள்ளே வந்தால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஹாட், ஹாட் என்று கட்டிலில் குதிக்கிற சத்தம் ஒன்று எங்கோ கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. கண்டுபிடித்துவிட்டார். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது, எப்போதும் போல, அவருக்கு முதலிலேயே தெரிந்த இடத்தில். சுகந்தி செத்துப்போய்விட்டாள்.

அது நெஞ்சுக்குள் அடியிலிருந்து கிளம்பியது. பெரிதாக, எதையும் விடாமல் வாரிக்கொண்டு வந்தது. மேலே வந்து குழந்தையின் கன்னம் ஒட்டியிருந்த இடத்துக்குக் கீழே முட்டியது. இழு, என்றார். இழுத்தார். அது ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அங்கேயே நின்றது. விடு. விட்டார். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போயிற்று. போகட்டும், அதற்கு நெஞ்சு குலுங்க வேண்டியதில்லை. ஜெபக்கனி திரைக்குள் வந்து நின்றிருந்தாள். சரியாகவே இருந்த குல்லாயை இன்னொரு தடவை சரி செய்தாள். இவ்வளவு பேசுகிற பெண். கடைசியில் அவள் சொன்னது, "ஐயா, பிள்ளையை நான் வாங்கிக்கிடட்டுமா? பெட்டியில வச்சிருவேன். நீங்க மேல போயி..." "வேண்டாமுங்கம்மா." குரல் வந்தது, சீராகத்தான் வந்தது. "இப்பத்தான் தூங்கியிருக்கறா. அங்க போயிச் செய்ய இனி என்னங்க இருக்குது? மாப்ளையப் போயி உக்காரச் சொல்லுங்க. விழுந்துருவான்." அவள் தலையாட்டினாள், போகவில்லை. "அந்தத் துண்ட எங்க மேல போட்டு உடுங்கம்மா." விரித்து இரண்டு பேர் மேலும் போர்த்தினாள். துண்டு ஜில்லென்று இருந்தது. மேல்மாடிக் குளிர் முழுக்க அதில் இருந்தது. இவர் தோள் ஒருமுறை சிலிர்த்தது, அவ்வளவுதான். துணிக்குள் குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

ஜெபக்கனி மேசைக்குத் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே ஆள் இல்லை. யாரோ கூட்டிப் போயிருந்தார்கள். கொலுசுக் காலும் அசையாமல் இருந்தது, அவளுக்கும் தெரிந்துவிட்டது போல. இழு, விடு. துண்டுக்குக் குளிர் போக நேரமாகியது. மேலே இருந்தபோது அது ஒரு காலையும் சூடாக்கவில்லை. இப்போது இவரிடமிருந்தும் பிள்ளையிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. வெயில் திரையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. ஜெபக்கனி கேட்கிற நேரம் வந்தது. வரிசையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், அங்கங்கே வார்ம், வார்ம் என்று பதில் வந்தது. கொலுசுக்காரியும் சொன்னாள், மெதுவாக. அதற்கப்புறம் இவரைக் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது திரையின் இடுக்கில் தெரிந்தது. சென்னியப்பன் காத்திருந்தார். பிறகு இரண்டு விரலைத் துணிக்குள் நுழைத்தார். வயிறு. பாதம். இன்னொரு பாதத்தையும் தேடித் தொட்டார். கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார். அப்புறம் மேசைக்குக் கேட்கிற மாதிரி, யாரும் கேட்காமலே, சொன்னார்.

"வார்ம்."